டிக்கி நிறையச் சாமான், ஸ்டெப்னியில் காற்றில்லை



சென்ற ஆண்டு நம் குடும்பத்தில் ஒரு திருமணம். நம் சகோதரியின் மகன் சென்னையில் பணிபுரிகிறான், வயது 26. ஒரு வியாழக்கிழமை, அலுவலகம் முடிந்து, இரவு 9 மணிக்கு மேல் தன்னந்தனியாகக் காரை எடுத்துக்கொண்டு காயல்பட்டினத்துக்குப் புறப்பட்டான். 600 கிலோமீட்டருக்கும் மிகுந்த வழி. திருச்சியைக் கடந்து, விராலிமலைக்கு அப்பால், அதிகாலை 3 மணியளவில் பின்சக்கரம் ஒன்று வெடித்தது. அல்லாஹ்வின் கிருபையால் வண்டி புரளாமல் ஓரத்தில் வந்து நின்றது.

டிக்கியைத் திறந்தான். உறவினர்கள் கொடுத்தனுப்பிய ஏழு பொதிகள், இரண்டு பெட்டிகள், ஒரு மிக்ஸி. அத்தனையையும் இறக்கிச் சாலையோரம் அடுக்கிய பிறகே அடியிலிருந்த ஸ்டெப்னி கண்ணுக்குத் தெரிந்தது. அதில் காற்றில்லை. வண்டி வாங்கிய நாளிலிருந்து அதை எவரும் தொட்டுப் பார்த்ததில்லை. கைப்பேசியில் மின்னூட்டம் 4 விழுக்காடு. டார்ச் விளக்கு இல்லை. குடிநீர் பெரம்பலூருக்கு முன்பே தீர்ந்துவிட்டிருந்தது. "உம்மா பயந்துடுவாங்க" என்று வீட்டுக்கும் அவன் அழைக்கவில்லை.

தூத்துக்குடி நோக்கிச் சென்ற ஒரு லாரி ஓட்டுநர் வண்டியை நிறுத்தினார். தம் லாரியின் காற்றுத் தொட்டியிலிருந்து குழாயை இழுத்து ஸ்டெப்னிக்குக் காற்றடைத்தார். தம் விளக்கைப் பிடித்துச் சக்கரத்தையும் மாற்றிக் கொடுத்தார். "தம்பி, இதுக்கு மேல விடிஞ்ச பிறகு போ" என்று அதட்டி, அடுத்த தேநீர்க் கடை வரை முன்னால் சென்று வழிகாட்டி, அங்கே படுக்க வைத்துவிட்டுத்தான் போனார். காசு வாங்க மறுத்துவிட்டார். அவருடைய பெயரைக்கூட நம் பிள்ளை கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அந்த மனிதருக்காக இன்றும் நம் வீட்டில் துஆச் செய்கிறோம்.

இவ்வளவையும் திருமண வீட்டில் நகைச்சுவையாகவே சொல்லிக்கொண்டிருந்தான். எல்லாரும் சிரித்தார்கள். இரண்டு நாள் கழித்துத் தனியே இருந்தபோது வேறொன்று சொன்னான்: "டயர் வெடிச்சதுக்கு முன்னால ஒரு பத்து நிமிஷம் ரோடு எனக்கு ஞாபகமே இல்ல மாமா. அந்தச் சத்தத்துலதான் முழிச்சேன்."

அவன் இரவில் புறப்படக் காரணம், வீட்டிலிருந்து சென்ற ஒரு தொலைபேசி அழைப்பு. "சுப்ஹுக்கெல்லாம் வந்து சேர்ந்துடு வாப்பா, பந்தல் வேலை கிடக்கு" என்று சொன்னவர் வேறு யாருமல்லர், நாமேதான்.

நீண்ட தனிப் பயணத்துக்கு என்னென்ன எடுத்துவைப்பது என்று நம்மிடம் கேட்கும் பிள்ளைகளுக்கு, அன்று முதல் நாம் சொல்லும் பதிலில் முதலிடம் சாமானுக்கு இல்லை. புறப்படும் நேரத்துக்குத்தான். அந்த நேரத்தைத் தீர்மானிப்பவர் பெரும்பாலும் வண்டி ஓட்டுபவர் அல்லர்; வீட்டில் காத்திருப்பவர்கள். ஆகவே இக்கட்டுரை ஓட்டுபவருக்கு எவ்வளவோ, அவ்வளவு வீட்டாருக்கும் உரியது.

தனியே இரவில் பயணம் செய்வதில் உள்ளதைத் தாம் அறிந்தது போல் மக்கள் அறிந்திருந்தால் எவரும் இரவில் தனியே புறப்படமாட்டார் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் எச்சரித்ததை இப்னு உமர் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் இந்த ஹதீஸைத் தனியே பயணம் செய்தல் பற்றிய பாடத்தில் கொண்டுவந்துள்ளார்கள். அதே பாடத்தில் இதற்கு முன்பாக, அகழ்ப்போரின்போது எதிரிகளைப் பற்றிய செய்தி அறிந்துவர ஸுபைர் (ரலி) அவர்கள் முன்வந்த நிகழ்ச்சியையும் வைத்திருக்கிறார்கள். தேவையின்பொருட்டுத் தனியே செல்வதற்கு வழி உண்டு என்பதும், தேவையின்றி இரவில் தனியே செல்வது வெறுக்கத்தக்கது என்பதும் ஒருசேர விளங்கும்படியான அமைப்பு அது. தனிப் பயணமே கூடாது என்று நாம் சொல்ல வரவில்லை. வேலை, படிப்பு, மரணச் செய்தி என எத்தனையோ காரணங்களால் நம் பிள்ளைகள் தனியே வண்டி ஓட்டித்தான் ஆகவேண்டியிருக்கிறது. (பெண்களின் தனிப் பயணம் மஹ்ரம் பற்றிய சட்டங்களோடு சேர்ந்தது, அதனை உலமாக்களிடம் கேட்டுக்கொள்க. கீழே வரும் வண்டிச் செய்திகள் எவருக்கும் பொது.) பகலில் செல்ல இயலும்போது இரவில் ஏன் செல்லவேண்டும் என்பதே நம் கேள்வி.

நெடுஞ்சாலையில் இரவு என்பது வெறும் இருட்டு மட்டுமன்று. பின்விளக்கு எரியாமல் ஓரத்தில் நிறுத்தப்பட்ட லாரி, எதிர்ச்சாலையின் தூர வெளிச்சம், நடுத்திட்டின் இடைவெளியில் திடீரெனக் குறுக்கே வரும் மாடு, தவறான திசையில் வரும் இருசக்கர வாகனம் ஆகியவை எல்லாம் சேர்ந்ததே நெடுஞ்சாலையின் இரவு. இவற்றுக்கு மேலாக, நள்ளிரவு தாண்டி விடியற்காலை வரை மனித உடல் இயல்பாகவே உறக்கத்தை நாடுகிறது. பகல் முழுதும் அலுவலகத்தில் உழைத்த உடலுக்குக் கேட்கவே வேண்டா. கண்ணாடியை இறக்கிக் காற்று வாங்குவதும், கிராஅத்தையோ பயானையோ சத்தமாக வைப்பதும் உறக்கத்தைத் தடுப்பதில்லை. தடுத்துவிட்டோம் என்ற எண்ணத்தையே தருகின்றன. தேநீரும் காப்பியும் வேலை செய்யத் தொடங்கவே அரைமணி நேரம் ஆகிவிடும். உறக்கத்துக்கு மருந்து உறக்கம் ஒன்றே: வண்டியை நிறுத்தி, 20 நிமிடம் கண்ணை மூடுவது.

கைபரிலிருந்து திரும்பிய பயணத்தை எண்ணிப் பாருங்கள். இரவெல்லாம் நடந்து களைப்பு மேலிட்டபோது நபி (ஸல்) அவர்கள் படையினரை நிறுத்தி உறங்கச் செய்தார்கள். சுப்ஹுக்கு எழுப்பும் பொறுப்பைப் பிலால் (ரலி) அவர்களிடம் ஒப்படைத்தார்கள். பிலாலும் களைப்பில் உறங்கிவிட, சூரியன் எழுந்த பிறகே அனைவரும் விழித்தார்கள், பின்னர்த் தொழுதார்கள். இந்த ஹதீஸ் தொழுகையைக் களாச் செய்வதற்கான ஆதாரமாகவே நம் பயான்களில் பெரும்பாலும் பேசப்படுகிறது. வீடு திரும்பும் ஆவல் மிகுந்த ஒரு படையே வழியில் நின்று உறங்கியது என்ற பகுதியை நாம் கேட்டும் கேளாதவர்களாக இருக்கிறோம். தனியே செல்பவருக்குப் பிலாலும் கிடையாது. கைப்பேசியில் இரண்டு அலாரம்தான் வைத்துக்கொள்ள வேண்டும். தங்கும்போது வழியை விட்டு விலகித் தங்குமாறும் நபிமொழி உண்டு. இரவில் அது விலங்குகளும் பூச்சிகளும் நடமாடும் இடம் என்று காரணமும் சொல்லப்பட்டது. இன்று அந்த வழியில் லாரிகள் நடமாடுகின்றன. சாலையின் வெள்ளைக் கோட்டுக்கு அப்பால் ஒதுக்கி நிறுத்தி உறங்குவது ஓய்வு ஆகாது. சுங்கச்சாவடியை ஒட்டிய நிறுத்துமிடம், விளக்கெரியும் பெட்ரோல் பங்க், ஊருக்குள் இருக்கும் பள்ளிவாசல் வளாகம் ஆகியவையே தங்குவதற்கு ஏற்ற இடங்கள்.

இன்னொன்று. நபி (ஸல்) அவர்கள் பயணத்திலிருந்து திரும்பும்போது இரவில் வீட்டாரிடம் செல்லாமல், காலையிலோ மாலையிலோ செல்வது வழக்கம் என்று அனஸ் (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். நாமோ, "எந்த நேரமானாலும் சரி, வந்துவிடு, கதவு திறந்தே இருக்கும்" என்கிறோம். அதனை அன்பு என்றும் எண்ணிக்கொள்கிறோம்.

சரி, சுப்ஹுக்குப் பின் புறப்படுவதாகவே வைத்துக்கொள்வோம். சென்னையிலிருந்து காலை 6 மணிக்குக் கிளம்பினால், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நின்று இறங்கி நடந்தும்கூட, லுஹர் நேரத்துக்குத் திருச்சியை அடைந்துவிடலாம். அங்கே தொழுது, உண்டு, அரைமணி நேரம் கைலூலா உறக்கம் கொண்டு, வெயில் சற்றுத் தணியும்போது மீண்டும் எடுத்தால் மஃரிபை ஒட்டி ஊர் சேரலாம். ஷாஃபி மத்ஹபில் உள்ளவர்கள் லுஹரையும் அஸரையும் சுருக்கி, ஒரே நேரத்தில் சேர்த்துத் தொழுதுகொள்ளும் சலுகை பயணத்தில் உண்டு. ஹனஃபி மத்ஹபில் சுருக்குதல் உண்டு. ஒன்றின் நேரத்தில் மற்றொன்றைச் சேர்ப்பது பயணத்தில் இல்லை. லுஹரை அதன் கடைசி நேரத்திலும் அஸரை அதன் முதல் நேரத்திலும் தொழும் முறையை அவர்கள் சொல்வார்கள். ஏறத்தாழ 80 கிலோமீட்டரைத் தாண்டும் பயணங்களுக்கே இச்சலுகைகள். ஊர் எல்லையைக் கடந்த பிறகே அவை தொடங்கும். நிய்யத், வரிசை முதலிய நிபந்தனைகளைப் புறப்படுமுன் தம் மத்ஹபின் ஆலிம் ஒருவரிடம் ஐந்து நிமிடம் கேட்டுக்கொள்வதும் பயண ஏற்பாட்டில் அடங்கும். நடுவழியில் சந்தேகம் வந்து, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கைப்பேசியில் ஃபத்வா தேடுவோரை நாம் கண்டிருக்கிறோம்.

வெள்ளிக்கிழமையாயின் ஒரு கவனம் வேண்டும். ஷாஃபி மத்ஹபில், வெள்ளி விடிந்த பின் ஜும்ஆ தவறிப்போகும்படியாகப் பயணம் புறப்படுவது கூடாது. வழியில் ஜும்ஆ கிடைக்கும் என்றால் செல்லலாம். ஆகவே எந்த ஊரில் ஜும்ஆ என்பதை முதல்நாளே முடிவு செய்துகொள்வது நல்லது. வியாழன் அலுவலகம் முடிந்துதான் புறப்பட முடியும் என்றால், விழுப்புரத்திலோ திருச்சியிலோ அறை எடுத்து உறங்கிவிட்டு மறுநாள் செல்வதே நம் கருத்து. அறை வாடகை வீண்செலவு என்று பெரியவர்கள் சொல்வார்கள். அதே பெரியவர்கள் திருமணப் பந்தல் விளக்குக்குக் கொடுக்கும் தொகையை நாம் அறிவோம்.

இனி வண்டி. வண்டியைப் பட்டறையில் விடுவதாயின் பயணத்துக்கு ஒரு வாரம் முன்பே விடவேண்டும். முந்தைய நாள் விட்டால், வேலையில் ஏதேனும் குறை இருந்தாலும் அது வழியில்தான் தெரியவரும். எஞ்சின் ஆயில், கூலன்ட், பிரேக், பேட்டரி, வைப்பர், விளக்குகள் ஆகியவற்றை அங்கேயே பார்த்துவிடுவார்கள். டயரை மட்டும் நாமே பார்க்கவேண்டும். ஓட்டுநர் கதவின் உட்சட்டத்தில் ஒட்டியிருக்கும் தாளில் எவ்வளவு காற்று வேண்டும் என்பது அச்சிடப்பட்டிருக்கும். காற்றின் அளவை வண்டி ஓடுவதற்கு முன், டயர் குளிர்ந்திருக்கும்போதே பார்க்கவேண்டும். கோடையில் வெடித்துவிடும் என்று அஞ்சிக் காற்றைக் குறைத்து ஓட்டும் பழக்கம் நம்மிடையே பரவலாக உண்டு. நடப்பது அதற்கு நேர்மாறானது: காற்றுக் குறைந்த டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கி மேலும் சூடேறி, அதனாலேயே வெடிக்கிறது. டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும் அடுத்த இரண்டு ஆண்டையும் குறிக்கும். 2318 என்றிருந்தால் அது 2018-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. பட்டைகள் தேயாமல் புதிதுபோல் இருந்தாலும் பழைய ரப்பர் பழையதுதான். வீட்டில் நின்றே கிடக்கும் வண்டிகளில் இவ்வாறு ஏமாறுவது அதிகம். நம் சகோதரியின் மகனுடைய டயரும் பார்வைக்கு நன்றாகத்தான் இருந்ததாம்.

ஸ்டெப்னிக்கும் காற்றை அளந்து பார்க்கவேண்டும் என்பதைச் சொல்லவே வேண்டியதில்லை. இப்போதைய கார்கள் சிலவற்றில் ஸ்டெப்னி மெலிந்ததாக, மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக்கூடாததாக இருக்கும். சிலவற்றில் ஸ்டெப்னியே கிடையாது. நம் வண்டியில் எது என்பதை வீட்டு வாசலிலேயே அறிந்துகொள்ள வேண்டும். ஜாக்கி, சக்கரம் கழற்றும் ஸ்பேனர், ஜாக்கி மண்ணில் புதையாமலிருக்க ஒரு தடித்த பலகைத் துண்டு, பழைய கையுறை ஆகியவை ஓரிடத்தில் இருக்கட்டும். ஒருமுறையேனும் வாசலில் வைத்துச் சக்கரத்தைக் கழற்றி மாட்டிப் பழகாதவர் தனியே நெடும்பயணம் செல்லலாகாது என்பது நம் உறுதியான கருத்து. மகன் உரிமம் வாங்கியதும் இனிப்பு வழங்கும் வாப்பாமார்கள் அன்று மாலையே இதையும் செய்யச் சொல்லட்டும். கார் சாக்கெட்டில் செருகிக் காற்றடைக்கும் சிறு பம்ப் ஒன்றும் வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. டியூப் இல்லாத டயரில் ஆணி ஏறினால் காற்று மெல்லத்தான் இறங்கும், இதை வைத்து அடுத்த பஞ்சர் கடைவரை சென்றுவிடலாம். டார்ச் வாங்குவதாயின் தலையில் மாட்டிக்கொள்ளும் வகை சிறந்தது. தனியே இருப்பவருக்கு விளக்குப் பிடிக்க ஆள் கிடையாதே.

எச்சரிக்கை முக்கோணமும் டிக்கியின் மேலாகவே இருக்கவேண்டும். வண்டி நின்றுவிட்டால் நான்கு பக்க விளக்கையும் ஒளிரவிட்டு, முக்கோணத்தைப் பின்னால் 50 மீட்டருக்குக் குறையாத தொலைவில் வைத்துவிட்டு, நாம் வண்டிக்குப் பின்னாலோ உள்ளேயோ நிற்காமல் சாலையோரத் தடுப்புக்கு அப்பால் விலகி நிற்கவேண்டும். தேசிய நெடுஞ்சாலையில் 1033 என்ற எண்ணை அழைத்தால் அப்பகுதிக்குரிய ரோந்து வண்டி, கிரேன், ஆம்புலன்ஸ் உதவி கிடைக்கும். நம் பிள்ளைக்கு அன்று அந்த எண் தெரியாது. தெரிந்திருந்தாலும் 4 விழுக்காட்டு மின்னூட்டத்தில் எவ்வளவு பேசியிருப்பான்? சார்ஜரோடு பவர் பேங்க் ஒன்றும், வேறு நிறுவனத்தின் சிம் ஒன்றும், முக்கியமான ஐந்து எண்களைக் கையால் எழுதிய தாள் ஒன்றும் வைத்துக்கொள்ளச் சொல்வது இதனால்தான். நம் எல்லாருக்கும் இப்போது மனப்பாடமாகத் தெரிவது நம் சொந்த எண் ஒன்றுதான். அந்தத் தாளிலேயே இரத்த வகை, உட்கொள்ளும் மருந்து, ஒவ்வாமை ஆகியவற்றையும் எழுதி, ஒரு படியை முன்பெட்டியிலும் ஒரு படியைச் சட்டைப்பையிலும் வைக்கலாம்.

விபத்துப் பற்றிப் பேசுவதை நம் பெண்கள் அபசகுனமாகக் கருதி "வாயைக் கழுவு" என்பார்கள். ஆயினும் சொல்லிவிடுகிறோம். 2021 டிசம்பரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48' திட்டத்தின்படி, தமிழ்நாட்டு எல்லைக்குள் சாலை விபத்தில் சிக்கியவருக்கு முதல் 48 மணி நேர அவசரச் சிகிச்சையை, திட்டத்தில் உள்ள தனியார் மருத்துவமனைகளிலும் அரசே ஏற்கிறது. 2019-இல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டத்தின் 134ஏ பிரிவு, விபத்தில் அடிபட்டவருக்கு நல்லெண்ணத்தோடு உதவ வருபவரை வழக்குத் தொல்லையிலிருந்து காக்கிறது. பிறர் அடிபட்டுக் கிடக்கக் காணும்போது, போலீஸ் தொல்லைக்கு அஞ்சி வண்டியை ஓட்டிச் செல்வதற்கு இனிமேல் நமக்குச் சாக்கு இல்லை.

தண்ணீர் இரண்டு வகையாக வேண்டும்: குடிக்க ஒன்று, உளூவுக்கும் இஸ்தின்ஜாவுக்கும் ஒன்று. 5 லிட்டர் கேன் ஒன்றை உளூவுக்கென்றே வைத்துக்கொண்டால் பெட்ரோல் பங்க் கழிப்பறைகளைக் கண்டு முகம் சுளிக்க வேண்டியிருக்காது. நபி (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூச் செய்திருக்கிறார்கள். அது ஒரு லிட்டருக்கும் குறைவு. தோல் காலுறை உள்ளவர் உளூவோடு அணிந்துகொண்டால் பயணத்தில் மூன்று இரவு பகல் மஸ்ஹுச் செய்யலாம். குளிர்காலத்திலும் தண்ணீர் குறைந்த வழியிலும் அதன் அருமை தெரியும். முஸல்லா, தொப்பி, ஒரு கைலி, ஒரு துண்டு ஆகியவையும் வேண்டும். கிப்லா நம் பகுதியில் மேற்கிலிருந்து சற்றே வடக்காக இருக்கிறது என்ற நினைவு இருந்தால் கைப்பேசி அணைந்துபோனாலும் தடுமாற்றம் இல்லை.

உணவைப் பொறுத்தவரை, வழியில் ஹலால் உணவு கிடைக்குமோ என்ற ஐயத்தால் வீட்டில் பிரியாணியைக் கட்டிக் கொடுத்துவிடுகிறோம். வாகனம் ஓட்டுபவருக்கு அதைவிடத் தீங்கான கட்டுச்சோறு இல்லை. நண்பகலில் உடல் ஏற்கெனவே தளர்ந்திருக்கும். அதன்மேல் நெய்ச்சோறும் இறைச்சியும் சேர்ந்தால் கண் தானாகவே செருகும். இட்லி, அவித்த முட்டை, பேரீச்சை, வறுத்த நிலக்கடலை, வாழைப்பழம் போதும். உப்புச்சர்க்கரைக் கரைசல் பொட்டலம் இரண்டு இருக்கட்டும். மதுரையைச் சுற்றிக்கொண்டு தூத்துக்குடிச் சாலையில் இறங்கினால் நெடுந்தூரத்துக்குக் கருவேலங்காடுதான், கடைகள் குறைவு. தண்ணீரையும் எரிபொருளையும் அதற்கு முன்பே நிரப்பிக்கொள்ள வேண்டும். நீரிழிவுள்ளவர்கள் மருந்தையும் இன்சுலினையும் வெயிலில் நிற்கும் வண்டிக்குள் விட்டுச் செல்லாமல், இறங்கும்போதெல்லாம் கையோடு எடுத்துச் செல்லவேண்டும்.

பொதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. "கார்லதானே வர்றான், இதையும் குடுத்து விடு" என்ற வழக்கத்துக்கு யாரேனும் முடிவு கட்டவேண்டும். ஒருவர் வருகிறார் என்ற செய்தி பரவினால் மண்ணடியிலிருந்து ஒரு பொதியும், தாம்பரத்திலிருந்து ஒரு பொதியும் வந்துவிடுகின்றன. உறவைப் பேணுதல் என்று அவற்றை ஏற்கிறோம். டிக்கியில் இடமில்லாதது பின் இருக்கைக்கு வருகிறது. அங்கும் இடமில்லாதது பின்கண்ணாடி ஓரத்தில் ஏறுகிறது. திடீரென்று பிரேக் போடும்போது அங்கிருந்து பறந்து வரும் ஒரு டப்பா ஓட்டுபவரின் பிடரியைத்தான் தேடும். காலடியில் உருளும் தண்ணீர்ப் போத்தல் பிரேக்கின் அடியில் சிக்கினால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. ஒட்டி மூடிய பொதியை, உள்ளே என்ன இருக்கிறது என்று பாராமல் வாங்கவும் கூடாது. அமானிதம் என்று ஏற்றுக்கொண்டால் அதற்குப் பதில் சொல்லவேண்டியவர் நாமல்லவா? ஆகவே ஸ்டெப்னியும் ஜாக்கியும் எடுக்க வழிவிட்டு எவ்வளவு வைக்கமுடியுமோ அவ்வளவே நம் வரம்பு. மிஞ்சியதற்குப் பார்சல் சர்வீஸ் இருக்கிறது.

இத்தனையும் தவக்குலுக்கு மாறானதென்று சில பெரியவர்கள் கருதுகிறார்கள். "துஆ ஓதிப் புறப்பட்டாச்சு, அல்லாஹ் காப்பான்" என்கிறார்கள். யமன் நாட்டார் சிலர், தாங்கள் அல்லாஹ்வையே சார்ந்திருப்பவர்கள் என்று கூறிக் கட்டுச்சாதமின்றி ஹஜ்ஜுக்கு வந்து, மக்காவை அடைந்ததும் மக்களிடம் கையேந்தினார்கள். அதையொட்டியே, பயணத்துக்கான உணவைத் தயார்செய்துகொள்ளுமாறு பணிக்கும் அல்பகரா அத்தியாயத்தின் 197-ஆம் வசனம் இறங்கியதாக இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்குகிறார்கள். தக்வாவே சிறந்த கட்டுச்சாதம் என்று அதே வசனம் சொல்வதை மட்டும் எடுத்துக்கொண்டு, அதற்கு முன்னுள்ள கட்டளையை விட்டுவிடுவது முறையன்று. காற்றில்லாத ஸ்டெப்னியோடு புறப்பட்டு, நள்ளிரவில் லாரிக்காரரிடம் கையேந்தி நின்ற நம் பிள்ளையும் துஆ ஓதித்தான் புறப்பட்டான்.

புறப்படுமுன் எழுதி வைக்கவேண்டிய தாள் இன்னொன்றும் உண்டு. கொடுக்க வேண்டிய கடன், வரவேண்டிய பணம், கையிலிருக்கும் அமானிதம் ஆகியவற்றின் பட்டியல். இது வண்டியில் அன்று, வீட்டில் இருக்கவேண்டும். வஸிய்யத் செய்ய ஏதேனும் உள்ளவர் அதை எழுதி வைக்காமல் இரண்டு இரவுகள் கழிப்பது தகாது என்ற கருத்தில் நபிமொழி உண்டு. இளைஞர்கள் இதைக் கேட்டுச் சிரிப்பார்கள். அலுவலக நண்பனிடம் வாங்கிய 5,000 ரூபாய் யாருக்குத் தெரியும்? எழுதி வையுங்கள், இரண்டு நிமிட வேலை.

கடைசியாக வீட்டாருக்கு. புறப்பட்ட பிள்ளையை அரைமணிக்கு ஒருமுறை அழைத்து "எங்கே வந்திருக்கிறாய்?" என்று கேட்பதை விட்டுவிடுவோம். ஒவ்வோர் அழைப்புக்கும் ஒரு கண் சாலையை விட்டுப் போகிறது. அவனுடைய இருப்பிடம் நம் கைப்பேசியில் தெரியும்படி வைத்துக்கொள்ளலாம். எந்தெந்த ஊரில் நிற்பான் என்பதைத் தாளில் எழுதி வாங்கிக்கொண்டு, நின்ற இடத்திலிருந்து அவனே செய்தி அனுப்பட்டும். குறித்த நேரத்துக்கு ஒரு மணி நேரம் கடந்தும் செய்தி வராவிட்டால் மட்டும் நாம் அழைக்கலாம். வழியில் வண்டி பழுதானால் வீட்டுக்குச் சொல்லத் தயங்காத பிள்ளையாக அவனை வைத்திருப்பதும் நம் பொறுப்புத்தான். "உம்மா பயந்துடுவாங்க" என்று அன்று அவன் ஏன் நினைத்தான் என்பதை நம் சகோதரியும் நாமும் பலமுறை பேசியிருக்கிறோம். இதற்கு முன் ஒருமுறை வண்டியில் ஒரு சிறு கீறல் விழுந்ததற்கு வீடே திரண்டு அவனைக் கேள்வி கேட்டது.

சென்ற மாதம் மீண்டும் வந்தான். சுப்ஹுத் தொழுதுவிட்டுப் புறப்பட்டிருக்கிறான். உளுந்தூர்பேட்டையிலிருந்து ஒரு செய்தி, திருச்சியிலிருந்து தொழுத செய்தி, எட்டயபுரத்திலிருந்து ஒன்று. நடுவில் நாம் அழைக்கவில்லை. இரண்டுமுறை கைப்பேசியை எடுத்தோம், வைத்துவிட்டோம். மஃரிப் பாங்குக்குச் சற்று முன் வாசலில் ஹாரன் சத்தம் கேட்டது. அவன் உம்மா டிக்கியைத் திறந்து பார்த்துவிட்டு, "என்ன வாப்பா, சாச்சி குடுத்துவிட்ட பொதி எங்கே?" என்றார். நாளை பார்சலில் வரும் என்றான்.